எங்கள் வீட்டு நீராவிப் பொறி

பொன்மலை இரயில்வே பணிமனையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் என் தந்தை. நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்துப் பழகிய கைகள் அவருடையவை. அக்கைகள் அறிந்திருந்தவற்றுள் பெரும்பகுதி எந்த நூலிலும் எழுதப்படாதது. எழுபது வயதில் அவருடைய கண்ணொளி மங்கத் தொடங்கியது. அது முற்றும் மறைவதற்குள் அவரிடம் எதையேனும் கற்றுக்கொள்ள விரும்பினேன். வீட்டிலேயே ஒரு சிறு நீராவிப் பொறி செய்வதென இருவரும் முடிவு செய்தோம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ஊசலாடும் உருளை கொண்ட எளிய அமைப்பு. 10 மில்லிமீட்டர் உள்விட்டமுடைய பித்தளை உருளை, நிலையான தகடு ஒன்றின்மீது ஊசலாடும். உருளையில் ஒரு துளை. தகட்டில் இரு துளைகள். உருளை ஒருபுறம் சாயும்போது நீராவி உட்புகுந்து பிஸ்டனைத் தள்ளும். மறுபுறம் சாயும்போது பயன்பட்ட நீராவி வெளியேறும். கனமான சக்கரம் ஒன்று அந்த உந்துதல்களைத் தொடர் சுழற்சியாக்கும்.

கொதிகலனைச் செம்புக் குழாயில் தந்தையே செய்தார். அதில் தண்ணீரை நிரப்பி, இயங்கவேண்டிய அழுத்தத்தைப் போல் இருமடங்கு நீரழுத்தம் கொடுத்துச் சோதித்தார். காப்பு வால்வைப் பொருத்திய பின்னரே அடியில் தீ வைக்க ஒப்பினார். "கொதிகலனிடம் துணிச்சல் காட்டக்கூடாது, தம்பி, மரியாதை காட்டவேண்டும்" என்றார்.

மிதிவண்டிப் பம்பு தந்த காற்றில் பொறி நன்றாகவே ஓடியது. நீராவியைச் செலுத்தியபோதோ நான்கைந்து சுற்றுகளில் நின்றுவிட்டது. வெளியேறும் துளையில் வெந்நீர் சொட்டியது. "சுடரைக் கூட்டட்டுமா, அப்பா?" என்றேன். "அனல் போதும். அது எங்கே போகிறதென்று பார்" என்றார்.

இதே வினாவை எழுப்பியவர்தான் ஜேம்ஸ் வாட். 1763ஆம் ஆண்டின் இறுதியில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற்குரிய நியூகோமன் பொறியின் மாதிரி ஒன்று பழுதுபார்ப்பதற்காக அவரிடம் வந்தது. அதுவும் சில அசைவுகளிலேயே ஓய்ந்தது. ஒவ்வொரு முறையும் குளிரவைக்கப்பட்ட உருளையை மீண்டும் சூடாக்குவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாவதை வாட் கண்டறிந்தார். 1765இல் அவர் எண்ணிய தனிக் குளிர்கலன் அந்த ஆய்வின் விளைவே.

சிறிய பொறியில் இவ்விழப்பு மிகுதி. நீள அகல உயரங்களைப் பாதியாக்கினால் மேற்பரப்பு நான்கில் ஒன்றாகும். கொள்ளளவோ எட்டில் ஒன்றாகிவிடும். உள்ளிருக்கும் நீராவி குறைய, அதன் வெப்பத்தை உறிஞ்சும் உலோகப் பரப்பு அந்த அளவிற்குக் குறைவதில்லை. நீர் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது; குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் அவ்விரிவு மீண்டும் துளியாகச் சுருங்கிவிடுகிறது.

நாங்கள் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றினோம். முதலில் நீராவிக் குழாயைக் குறுக்கி, பருத்திக் கயிற்றைச் சுற்றினோம். அடுத்து, கண்ணாடிப் பலகைமீது நுண்ணிய உப்புத்தாளை விரித்து, உருளையின் முகத்தை எங்கும் ஒரே மினுமினுப்புத் தோன்றும்வரை தேய்த்தோம். இறுதியாக, உருளையைத் தகட்டோடு அழுத்தும் வில்லைச் சீராக்கினோம். அது இறுகினால் உராய்வு மிகும். தளர்ந்தால் நீராவி கசியும். முதலில் ஒரு மூடி எரிசாராயத்தில் இரண்டு நிமிடம்கூட ஓடாத பொறி, ஒரு மாதத்திற்குப்பின் அதே ஒரு மூடியில் ஒன்பது நிமிடம் ஓடியது.

வில்லின் இறுக்கத்தைத் தந்தை கருவிகொண்டு அளக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தி, செவியைச் சாய்த்துக் கேட்டார். "சீறல் கேட்டால் கசிவு, முனகல் கேட்டால் இறுக்கம்" என்று கூறி, என் விரலைப் பிடித்து வில்லின்மேல் வைத்தார். இன்று அவரால் அந்தச் சிறு திருகுகளைப் பார்க்க இயலவில்லை. பொறி ஓடும்போது அருகில் அமர்ந்து கேட்கிறார். சீறல் எழுந்தால் அவர் வாய் திறப்பதற்கு முன்பே என் விரல் வில்லைத் தேடிச் செல்கிறது.