இயங்க மறுக்கும் கோப்பு

 

உங்கள் இல்லத்துப் பிள்ளைகளில் ஒருவர் கணிப்பொறியின் முன் அமர்ந்து, "ஸ்கிரிப்ட் ஓட மாட்டேன் என்கிறது" என்று சலித்துக்கொள்வதை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். ஸ்கிரிப்ட் என்பது வேறொன்றுமில்லை. இன்னதை முதலில் செய், இன்னதைப் பிறகு செய் என்று கணிப்பொறிக்கு வரிவரியாக எழுதிவைக்கும் ஏவல்களின் கோப்பு அது. ஒரு கணக்கை இவ்வாறு படிப்படியாக வகுத்துச் செய்யும் முறைக்கு உலகம் வழங்கும் பெயர் அல்காரிதம். பக்தாத் நகரில் 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்ற முஸ்லிம் அறிஞரின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. அவருடைய இயற்கணித நூலில் வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆகவே மார்க்கக் கடமையின் கணக்கை ஏவல்வரிகளாக எழுத முனையும் நம் பிள்ளைகள் புதுமை எதையும் செய்துவிடவில்லை.

பூவிருந்தவல்லியை அடுத்துள்ள எங்கள் நூம்பலில், கணிப்பொறி முரண்டு பிடித்தால் என்னை அழைக்கும் வீடுகள் சில உண்டு. அவற்றுள் ஒரு வீட்டில், வணிகவியல் பயிலும் மகள் ரமலானுக்கு முன்பாகக் குடும்பத்தின் ஜகாத்தைக் கணக்கிட விண்டோஸின் பவர்ஷெல் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். அது இயங்கவில்லை. "பாய், பாதுகாப்பையெல்லாம் அணைத்துவிட்டால் ஓடிவிடும் என்று என் மகனின் சிநேகிதர் சொல்கிறார். அணைத்துவிடலாமா?" என்று அவளுடைய அத்தா கேட்டார். அந்தக் கேள்விக்கான விடையைத்தான் உங்களிடமும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். விண்டோஸ், தனக்குத் தெரிந்த கோப்புகளின் பெயர்வாலை இயல்பாகவே மறைத்துவிடும். நோட்பேடில் எழுதிச் சேமித்த அந்தக் கோப்பு 'ஜகாத்.பிஎஸ்1' என்று கண்ணுக்குத் தெரிந்தது. உண்மையில் அதன் பெயர் 'ஜகாத்.பிஎஸ்1.டிஎக்ஸ்டி'. அதாவது அது வெறும் எழுத்துக் கோப்பு. பெயர்வால்களைக் காட்டும்படி அமைப்பை மாற்றியதும் குட்டு வெளிப்பட்டது.

இந்த மறைப்பு அற்பமானதென்று எண்ணிவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து கிளம்பி உலகையே உலுக்கிய 'ஐ லவ் யூ' என்ற நச்சுநிரல் இதே மறைப்பில்தான் ஒளிந்து வந்தது. மின்னஞ்சலோடு வந்த காதல் கடிதம் பலருக்கு '.டிஎக்ஸ்டி' என முடியும் அப்பாவி எழுத்துக் கோப்பாகத் தோன்றியது. மறைந்திருந்த வாலோ '.விபிஎஸ்'. திறந்த மாத்திரத்தில் ஸ்கிரிப்ட் ஓடியது; கணிப்பொறியிலிருந்த படக் கோப்புகளை அழித்து அவற்றின்மேல் தன்னை எழுதிக்கொண்டது; முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. பிரிட்டன் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலை நிறுத்திவைக்க நேர்ந்தது. தடையின்றி ஓடும் ஸ்கிரிப்ட் எத்தகைய ஆபத்து என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

இன்று நம் பிள்ளைகளை எரிச்சலூட்டும் தடைகள் பல அத்தகைய பாடங்களின் விளைவே. பவர்ஷெல் கோப்பின்மீது இருமுறை சொடுக்கினால் அது ஓடாது, நோட்பேடில் திறக்கும். இது பழுதன்று; வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பவர்ஷெல் சாளரத்தில் கோப்பின் பெயரை மட்டும் தட்டினாலும் ஏற்காது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட்டு, 'இதே அடைவில் உள்ள கோப்பைத்தான் சொல்கிறேன்' என்று தெளிவாகக் கூறவேண்டும். அதற்கும் மேலாக, இந்தக் கணிப்பொறியில் ஸ்கிரிப்ட் ஓட்டுவது முடக்கப்பட்டுள்ளது என்று சிவப்பெழுத்தில் ஒரு செய்தி வரும். வீட்டு விண்டோஸில் இயல்பாக அமைந்திருக்கும் 'ரெஸ்ட்ரிக்டட்' என்ற கொள்கையே அதற்குக் காரணம்.

அதற்காகக் கோட்டைக் கதவைப் பெயர்த்தெறிய வேண்டியதில்லை. நம் பயனர் கணக்குக்கு மட்டும் 'ரிமோட் சைன்டு' என்ற கொள்கையை வைத்தால் போதும். நாமே எழுதிய ஸ்கிரிப்ட் ஓடும். இணையத்திலிருந்து இறங்கியது நம்பகமான கையொப்பமின்றி ஓடாது. இறக்கிய கோப்பு நமக்கு அவசியமானதென்றால், முதலில் நோட்பேடில் திறந்து வரிவரியாகப் படியுங்கள். விளங்கி, நம்பிக்கை ஏற்பட்ட பிறகே அதன் பண்புகள் பக்கத்திலுள்ள 'அன்பிளாக்' கட்டத்தில் குறியிடுங்கள். விளங்காத கோப்பை ஓட்டாதிருப்பதே நன்று. இந்தக் கொள்கை முழுமையான அரண் அன்று, அறியாமல் நிகழ்வதைத் தடுக்கும் ஒரு தாழ்ப்பாளே. ஆயினும் தாழ்ப்பாளில்லாத வீட்டில் யார்தான் நிம்மதியாக உறங்குவார்?

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்தப் பெண் விடையைத் தமிழில் எழுதிவைக்க ஏற்பாடு செய்திருந்தாள். கிடைத்ததோ பொருளற்ற குறிகள். விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1, தொடக்கக் குறியில்லாத யூடிஎஃப்-8 கோப்பைப் பழைய குறிமுறையாகக் கருதிப் படிப்பதே காரணம். நோட்பேடில் 'யூடிஎஃப்-8 வித் பாம்' எனத் தேர்ந்து சேமித்ததும் தமிழ் தமிழாகவே வந்தது.

பல்லாண்டுகளுக்கு முன் எழுதிய '.விபிஎஸ்' கோப்புகளைக் கடைக் கணக்குக்கு வைத்திருப்போரும் நம்மிடையே உண்டு. அந்த மொழியைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்தது. 2027 வாக்கில் அதை இயல்புநிலையில் முடக்கிவைப்பது 2024-இல் அது வெளியிட்ட திட்டம். அத்தகைய கோப்புகளை இப்போதே வேறு மொழிக்கு மாற்றி எழுதிக்கொள்வது நலம்.

இனி, ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. கவலை தீர்ந்தது என்று எண்ணலாமா? அந்த வீட்டில் நகையின் மதிப்பு 1,50,000 ரூபாய் என்றும், கையிருப்பு 50,000 ரூபாய் என்றும் சோதனைக்காகக் கொடுத்தோம். ஸ்கிரிப்ட் சொன்ன ஜகாத் 37,50,01,250 ரூபாய்! வீடே சிரித்தது. விசைப்பலகையில் தட்டுவதைப் பவர்ஷெல் எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகவே கொள்ளும். கூட்டச் சொன்னபோது இரு தொகைகளையும் அடுத்தடுத்து ஒட்டி 15000050000 என்றாக்கி, அதை 40-ஆல் வகுத்துவிட்டது. உள்ளீடுகள் எண்களே என்று குறித்தவுடன், 2 லட்சத்தில் நாற்பதில் ஒரு பங்கான 5,000 ரூபாய் சரியாக வந்தது.

"மாமா, ஓடாமல் நின்றபோது அழுகை வந்தது. ஓடித் தப்பாகச் சொன்னதைப் பார்த்தபிறகுதான் பயம் வந்தது" என்றாள் அந்தப் பெண். எவ்வளவு உண்மை! கோடிகளில் தவறினால் நாம் சிரித்துத் திருத்திக்கொள்கிறோம். சில நூறு ரூபாய் குறைத்துச் சொல்லியிருந்தால்? ஜகாத் ஏழையின் உரிமை. இயந்திரம் சொன்னது என்பதால் அந்தப் பொறுப்பு நம்மைவிட்டு நீங்கிவிடாது. ஒருமுறையேனும் தாளில் கணக்கிட்டு ஒப்புநோக்குங்கள். ஐயமிருப்பின் ஆலிமிடம் கேளுங்கள்.

பாதுகாப்பை அணைக்கச் சொல்வோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்' எனச் சில இணையப் பக்கங்கள் கேட்கும். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, அவர்கள் தந்ததை ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும். 2024 முதல் உலகெங்கும் பரவியுள்ள மோசடி இது. ஒட்டப்படுவது கடவுச்சொற்களைக் களவாடும் ஏவல்வரி. நம் வீட்டுக் கணிப்பொறியில் ஹஜ் பயணத்துக்கான பாஸ்போர்ட் நகல் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணத்தின் வங்கிக் கணக்கு இருக்கிறது. பெண்மக்களின் புகைப்படங்கள் இருக்கின்றன. பணம் பறிபோனால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் முறையிடுங்கள்.

நம்மிடம் வரும் செய்தியை விசாரித்துத் தெளியுமாறு திருமறையின் 49-ஆவது அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. நம் வீட்டுக்குள் வரும் கோப்புக்கும் அதுவே பொருந்தும். உங்கள் பிள்ளையின் ஸ்கிரிப்ட் இயங்க மறுத்தால் ஏசாதீர்கள். தடையை உடைக்கவும் சொல்லாதீர்கள். அருகில் அமர்ந்து அந்தச் சிவப்பெழுத்துச் செய்தியை முழுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வேளைகளில் காரணம் அதிலேயே இருக்கும்.

பயனுள்ள கல்வியையும் நேர்மையான கணக்கையும் நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.