பெரியம்மா டூட்டி

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலைக் கடலூர் வண்டி கிளம்புமுன் டிரைவர் ஊதுவத்தி கொளுத்திச் செருகுவாரே, அந்த மணமும் பெரியம்மா கூடையிலிருக்கிற மல்லிப்பூவும் சேர்ந்து பி.முட்லூர் தாண்டும்வரை நிற்கும். புதுச்சத்திரத்தில் மீன்கூடை ஏறினால் அப்புறம் மல்லியாவது, ஊதுவத்தியாவது! நீங்களும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்தானே.

பெரியம்மா ஒரு பிள்ளைகள் இல்லத்தில் ஆயா. செவ்வாய் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் புதன் விடியலில் திரும்பிவிடுவாள். மற்ற நாளெல்லாம் டூட்டிதான்.

2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளை என்று கரை நெடுகக் கடல் ஏறின ஞாயிறு. அரசாங்கம் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் பிள்ளைகளுக்கு இல்லம் திறந்தது. நானும் பெரியம்மாவும் இருந்தது வேறொரு சின்ன இல்லம். வந்ததென்னவோ அதே கரைப் பிள்ளைகள்.

அடுத்த வருஷம் பூரா வாசலில் கார். கேக்கும் கேமராவுமாக வந்து, "உங்கம்மா என்ன ஆனாங்க பாப்பா?" என்பார்கள். பெரியம்மா குறுக்கே வந்து நிற்பாள். "புள்ளைங்க படிக்குதுங்க, அப்புறம் வாங்க சார்." அவள் ஒருநாளும் எந்தப் பிள்ளையிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சொன்னால் கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

காற்று வீசுகிற ராத்திரிகளில் பாய் நனையும். மற்றவர்கள் எழுமுன் அலசி, கிணற்றடிச் சுவரில் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளையைக் கோலமாவு எடுத்துவர அனுப்புவாள். எழுந்து வருகிறவர்களுக்குக் கோலம்தான் தெரியும். அவள் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது போகச் சொன்னேன். "அவனுக்கு ஆயா இருக்கா, பாத்துக்குவா. இதுங்களுக்கு?" என்றாள். அது சரியா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அந்த மகனைக் கேட்டால் வேறு கதை சொல்வான்.

ஞாயிறு எண்ணெய்க் குளியல். சீயக்காய் கண்ணில் பட்டுக் கூப்பாடு, ஈருகோலிக்குப் பயந்து ஓட்டம், குனிந்து குனிந்து அவளுக்கு இடுப்புப் பிடிப்பு.

போன மாசம் வேறொரு இல்லத்துக்குப் போயிருந்தேன். 2015 சிறார் நீதிச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கோப்பு, பராமரிப்புத் திட்டம், ஆலோசகர். தேவைதான், முன்பு அடி வாங்கிய பிள்ளைக்குச் சொல்லிக்கொள்ள ஆளில்லை. ஊழியர்கள் தொகுப்பூதியத்தில் ஷிப்டு மாறி மாறி வருகிறார்கள். பாவம், அவர்களுக்கும் வீடு இருக்கிறது. ஞாயிறு காலைதான் ஆள் மாறுகிற நேரமாம். பிள்ளைகள் குழாயடியில் வரிசையாக நின்று ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் சின்னவளுக்குத் தேய்த்துவிட்டாள்.