கல்லாவி டு போலுப்பள்ளி: சீனியர் இல்லாத முதல் பேட்ச்!

கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை தாலுகாவில் இருக்கிறது கல்லாவி. பக்கத்து ரயில் நிலையம் சாமல்பட்டி. மாமரத்திலிருந்து விழுந்தவர், அரிவாள் பட்டவர், கம்பெனி மெஷினில் கையைக் கொடுத்தவர் என்று இந்தப் பக்கம் காயங்களுக்குக் குறைவில்லை. சின்னக் காயம் என்றால் ஊத்தங்கரை அரசு மருத்துவமனை. பெரிது என்றால் கிருஷ்ணகிரிக்கு ஓட வேண்டும்.

கிருஷ்ணகிரியை அடுத்த போலுப்பள்ளியில்தான் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12-ல் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் இதுவும் ஒன்று. 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். முதல் பேட்ச்சுக்குக் கட்டடம் புதுசு, ஹாஸ்டல் புதுசு. ஆனால், சீனியர்கள் கிடையாது.

'நல்லதுதானே, ராகிங் இருக்காது' என்று தோன்றலாம். விஷயம் வேறு. அரசு மருத்துவமனைகளில் நள்ளிரவில் தையல் போடுபவர் பல நேரம் ஹவுஸ் சர்ஜன்தான். அவருக்கு முடிச்சுப் போடப் பழக்கியதில் பேராசிரியருக்குப் பாதிப் பங்கு என்றால், பக்கத்து ரூம் அண்ணனுக்கோ அக்காவுக்கோ மீதிப் பங்கு. நாற்காலிக் காலில் நூலைக் கட்டி, ஒரு கையால் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள். வாழைப்பழத் தோலைக் கீறித் தைப்பார்கள். நூலை இறுக்கினால் தோல் கிழியும். தளர்த்தினால் ஓரம் சேராது. அந்தப் பதம் விரலுக்குத்தான் பிடிபட வேண்டும். அடுத்த கட்டம், கறிக்கடையில் வாங்கிய ஆட்டுக்கால்!

இது புதுப் பழக்கமும் இல்லை. சுரைக்காய், வெள்ளரிக்காயைக் கீறியும், கனத்த துணியைத் தைத்தும் பழகச் சொல்கிறது சுஸ்ருத சம்ஹிதை.

பேராசிரியரின் விரல்கள் ஓடும் வேகத்தில் பாதி புரியாது. ஆறு மாதத்துக்கு முன்பு அதே இடத்தில் திணறிய சீனியருக்கோ, எங்கே சிக்கும் என்று தெரியும். தப்பும் அதே வழியில் தொற்றும் என்பதுதான் சிக்கல். ஊசியை இடுக்கியில் பிடிக்காமல் விரலால் பிடிக்கும் சீனியர், ஜூனியருக்கும் அதையே பழக்கிவிடுவார். கையில் குத்தினால் ஹெபடைடிஸ் பி, ஹெச்.ஐ.வி. வரைக்கும் ஆபத்து. 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம் ஸ்கில் லேபையும், ஆசிரியர் கையெழுத்திடும் லாக் புக்கையும் கட்டாயமாக்கியதற்கு அர்த்தம் இருக்கிறது.

போலுப்பள்ளியின் முதல் பேட்ச்சுக்கு லேப், ஆசிரியர்கள், பக்கத்து பெஞ்ச் நண்பர்கள் மட்டும்தான். அடுத்த ஆண்டு ஜூனியர்கள் வந்ததும், அவர்களே அண்ணன், அக்கா ஆகிவிட்டார்கள்.