பொய்வேலம் தேடும் முன் கொரங்காட்டைப் பாருங்கள்

திருப்பூருக்கு வெளியே பெரிய தோட்டத்துடன் வீடு கட்டியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பனியன் ஆர்டர் விஷயமாக ஐரோப்பா போயிருந்தபோது, பொன்னிறத் தழையோடு ஒரு மரம் பார்த்தேன். 'பிளாக் லோகஸ்ட்' என்றார்கள். ஆன்லைனில் விதை கிடைக்கிறது. நம் தோட்டத்தில் வளருமா?"

நம் சமவெளியில் அது தேறாது. ஆனால் அந்த மரத்தில் உங்களுக்குப் பிடித்த அத்தனையும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்க காங்கேயம், மூலனூர் பக்கம் ஒரு நடை போய் வர வேண்டும். அதற்கு முன், நீங்கள் பார்த்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

பிளாக் லோகஸ்டின் தாயகம் அமெரிக்காவின் கிழக்கு மலைப்பகுதி. பிரெஞ்சு மன்னரின் தோட்டக்காரர் ழான் ரோபின் வழியாக அது ஐரோப்பாவுக்கு வந்தது. 1601-ல் அவர் நட்டதாகச் சொல்லப்படும் மரம் பாரிஸ் நகரில் இன்னும் தளிர்க்கிறது. அவர் நினைவாகத்தான் லின்னேயஸ் அதற்கு 'ரொபினியா சூடோஅகேசியா' என்று பெயர் வைத்தார். சூடோஅகேசியா என்றால் பொய்வேலம். இலையும் முள்ளும் வேல மரத்தைப் போல இருக்கும். ஆனால் வேலம் அல்ல. நீங்கள் பார்த்த பொன்னிறத் தழை ரகத்துக்கு 'ஃபிரிசியா' என்று பெயர். நெதர்லாந்தில் 1935-ல் உருவானது. ஒட்டுக்கட்டித்தான் அதைப் பெருக்குகிறார்கள். விதை வாங்கிப் போட்டால் பொன்னிறம் வரும் என்று நம்ப முடியாது.

நல்ல மரம்தான். கட்டை உறுதியானது, மண்ணில் நட்டாலும் சீக்கிரம் மக்காது. அதனால் வேலிக்கால்களுக்கும் திராட்சைக் கொடிக் கால்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். வேர் முடிச்சுகள் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ஹங்கேரி நாட்டுக் காடுகளில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மரம்தான். கடையில் விற்கும் 'அகேசியா தேன்' பெரும்பாலும் இதன் பூவிலிருந்து கிடைப்பது. நம் நாட்டில் காஷ்மீர், இமாச்சல் மலைப்பகுதிகளில் வளர்கிறது.

நம் பக்கம் ஏன் கூடாது? மூன்று காரணங்கள். ஒன்று, அது குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி எழும் மரம். அந்தக் குளிர் தாராபுரத்திலும் இல்லை, பல்லடத்திலும் இல்லை. இரண்டு, வளரும் இடத்தில் அது வேரிலிருந்து கன்றுகளை விட்டுப் பரவும். வெட்டினால் இன்னும் அதிகமாகத் துளிர்க்கும். விறகுக்கு ஆகும் என்று வரவழைத்த சீமைக்கருவேலத்தோடு நாம் படும் பாடு போதும். மூன்று, அதன் பட்டை, இலை, விதை எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு. குதிரைக்கு மிகவும் ஆபத்து, மாட்டுக்கும் ஆகாது. காங்கேயம் மாடு கட்டியிருக்கும் சீமையில் அப்படி ஒரு மரம் எதற்கு?

இப்போது காங்கேயம் சாலையில் கிளம்புவோம். திருப்பூரை விட்டு வெளியே வந்து படியூர் தாண்டியதும் பனியன் கம்பெனிகள் குறைந்து, தேங்காய்ப் பருப்பு காயும் உலர்களங்களும் அரிசி ஆலைகளும் வரும். காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில், மூலனூர் பக்கம் திரும்பினால் மண் செம்மையாகவும் சரளையாகவும் மாறும். மழை குறைந்த பூமி. சாலை ஓரமெல்லாம் கிளுவை வேலி. வேலிக்கு உள்ளே உழவு இல்லை, வாய்க்கால் இல்லை. முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை விரித்த வெள்வேல மரங்கள், அடியில் நாலைந்து மாடுகள், சில செம்மறிகள். இதுதான் கொரங்காடு.

வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது தரிசு நிலம். உண்மையில் இது நம் முன்னோர் திட்டமிட்டு அமைத்த மேய்ச்சல் பண்ணை. கிளுவை, போத்து நட்டாலே வேர் பிடிக்கும் உயிர்வேலி. கொழுக்கட்டைப் புல் வறட்சியில் காய்ந்தாலும் தூர் சாகாது, ஒரு மழைக்கே துளிர்த்துவிடும். காட்டைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒரு துண்டில் மேயும்போது மற்றது தழைக்க விடுவார்கள். காங்கேயம் இனத்தின் எலும்பும் உழைப்பும் இந்தப் புல்லில் உருவானவை.

இதில் வெள்வேலத்தின் பங்கு பெரியது. வெளுத்த பட்டை, சிறகு போன்ற இலை, மழைக்காலத்தில் கொத்துக் கொத்தாக வெளிர்மஞ்சள் பூ. தேனீ மொய்க்கும். நிழல் சன்னமாக விழுவதால் அடியில் புல் சாவதில்லை. புல் காய்ந்துபோகும் கோடையில் காய் முற்றி உதிரும். ஆடு மாடுகள் தேடித் தேடித் தின்னும். கட்டை விறகுக்கும் ஏர் சாமான்களுக்கும் ஆகும். பொய்வேலத்தை ஐரோப்பாக்காரர்கள் எதற்கெல்லாம் கொண்டாடுகிறார்களோ, அதில் பெரும்பகுதியை மெய்வேலம் இங்கே தண்ணீர் ஊற்றாமலே தருகிறது.

கவலை என்னவென்றால், இந்தக் கொரங்காடுகள்தான் இன்று முதலில் விலை போகின்றன. பாசனம் இல்லாத பூமி என்பதால் மனைக்கும், சூரியசக்தித் தகடுகளுக்கும், பண்ணை வீடுகளுக்கும் எளிதாகக் கைமாறுகின்றன. வாங்கியவர் செய்யும் முதல் வேலை, ஜேசிபியை விட்டு வேலியையும் மரத்தையும் வாரித் தள்ளுவது. வளர்ந்து நிற்க ஒரு தலைமுறை எடுத்துக்கொண்ட மரம் அரை மணி நேரத்தில் விழுகிறது. அதன் பிறகு நர்சரிக்குப் போய், அழகுக்கு என்ன மரம் வைக்கலாம் என்று கேட்கிறார்கள்.

வாசகருக்கு என் யோசனை இது. உங்கள் நிலத்தில் வெள்வேலம் இருந்தால் எல்லை ஓரமாக நிற்பவற்றை அப்படியே விடுங்கள். வாசலுக்கு எதிரே பொன்னிறம் வேண்டுமென்றால் சரக்கொன்றை வையுங்கள். பங்குனி, சித்திரையில் பூத்துத் தொங்கும்போது எந்தப் பொன்னிறத் தழையும் அதன் முன் நிற்காது. குளிர்ந்த நிழலுக்குப் புங்கன். அது ஓரளவு உப்பையும் தாங்கும். நொய்யல் கரையை ஒட்டிய தோட்டம் என்றால் இது முக்கியம். முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் பல கிணறுகளில் அந்த நாளைய உப்பு இன்னும் இருக்கிறது. நடும் முன் மண்ணையும் நீரையும் பரிசோதித்துவிடுங்கள்.

பொய்வேலத்தின் பூவைப் போன்ற பூ வேண்டுமென்றால், வேலி ஓரத்தில் கிளைரிசிடியா போத்து நடலாம். தை, மாசியில் இலை உதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூக்கும், தழை உரமும் கிடைக்கும். இது தூரத்து உறவுமல்ல. தாவரவியலார் முதலில் இதை ரொபினியா என்ற பெயரிலேயே சேர்த்திருந்தார்கள். நம் அகத்தியையும் 1753-ல் லின்னேயஸ் ரொபினியா என்றே எழுதினார். ஆக, அந்தக் குடும்பத்து உறவுகள் உங்கள் கொல்லையில் ஏற்கெனவே இருக்கின்றன.

வெள்வேலம் இல்லாத நிலத்தில் புதிதாக வளர்க்க நினைப்பவர்களுக்கு: கோடையில் முற்றிய காயிலிருந்து விதை எடுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அதில் விதையைப் போட்டு, ஆறவிட்டு ஒரு நாள் ஊற வையுங்கள். விதைத் தோல் இளகி முளைப்பு சீராக வரும். ஆட்டுப்பட்டியில் புழுக்கையோடு வந்த விதையும் நன்றாக முளைக்கும். பையில் ஆறு மாதம் வளர்த்து, ஐப்பசி மழையில் ஒன்றரை அடிக் குழியில் நடுங்கள். ஆடு கடிக்காமல் இரண்டு, மூன்று வருடம் முள் அடைத்துக் காத்தால் போதும். ஊடே கொழுக்கட்டைப் புல் விதைக்க ஏக்கருக்கு 3 கிலோ அளவில் ஆகும். புதிதாக அறுத்த விதைக்கு உறக்கம் உண்டு. ஆறேழு மாதம் வைத்திருந்து விதையுங்கள்.

கொரங்காடு வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. வருமானம் இல்லாத காடு என்று அதை யாராவது சொன்னால், கோடையில் நீங்கள் தீவனம் வாங்காமல் மிச்சப்படுத்தும் பணத்தை ஒரு வருடம் நோட்டில் எழுதிப் பாருங்கள். நிலம் வாங்கியவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஜேசிபி வருவதற்கு முதல் நாள் காட்டைச் சுற்றி நடந்து, நிற்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போட்டுவிடுங்கள். ஒரு மாலை வேலைதான்.