மருந்தென்னும் நஞ்சு

பெயர் மயக்கம் பொல்லாதது. ஒரு பொருளுக்குத் தவறான பெயரைச் சூட்டிவிட்டால், பிறகு அதன் குணத்தை ஆராயவேண்டும் என்ற எண்ணமே மனிதனுக்கு உண்டாவதில்லை. இவ்வுண்மையை நாம் பள்ளிக்கூடத்தில் கற்றோமில்லை; சிங்கப்பூரிலே பழைய புத்தகக் கடையொன்றில் கற்றோம்.

ஜொகூரில் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நாம், சிராங்கூன் சாலைக்கு அருகில் வசிக்கும் தமையனாரைக் காணச் செல்வது வழக்கம். ஒருமுறை, அவர் வேலையிலிருந்து திரும்பும்வரை பொழுது போக்க எண்ணி, பிராஸ் பாசா கட்டடத்திலுள்ள புத்தகக் கடைகளை நாடினோம். அங்கே அட்டை கிழிந்த ஆங்கில நூலொன்று கைக்கு அகப்பட்டது. ராச்சல் கார்சன் என்னும் அமெரிக்க அம்மையார் 1962 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சைலண்ட் ஸ்பிரிங்', அதாவது 'மௌன வசந்தம்', என்பதே அது. பறவைகள் அற்றுப்போன கற்பனை ஊரொன்றைக் காட்டித் தொடங்கும் அந்நூலை நின்றவாறே படித்தோம். பின்னர் விலைக்கு வாங்கி, தேக்காவில் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்து தொடர்ந்தோம். தேநீர் ஆறியதை அறியோம்.

விஞ்ஞான நூலென்றால் வறண்டிருக்கும் என்பது நம் எண்ணம். இதுவோ கதைபோல் ஓடுகிறது. கலிபோர்னியாவிலுள்ள கிளியர் ஏரியில் சிறு பூச்சிகளின் தொல்லையை ஒழிக்க, 1949 இல், டி.டி.டி.க்கு உறவான நஞ்சொன்றைக் கலந்தார்கள். ஏழு கோடி பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு நஞ்சு, அவ்வளவே. 1954 இலும் 1957 இலும் மீண்டும் கலந்தார்கள். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதை ஏற்றன. அவற்றை மீன்கள் உண்டன. மீன்களை முக்குளிப்பான் பறவைகள் உண்டன. பறவைகள் மாண்டன. அவற்றின் கொழுப்பைச் சோதித்தபோது, பத்து லட்சத்தில் 1,600 பங்கு நஞ்சு இருந்தது! நீரில் கரைந்தது மறையவில்லை. உடலுக்கு உடல் ஏறித் திரண்டது.

டி.டி.டி. மலேரியாவிலிருந்து பல உயிர்களைக் காத்தது உண்மை. அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்ட பால் முல்லருக்கு 1948 இல் நோபெல் பரிசும் கிடைத்தது. எல்லா ரசாயனங்களையும் எறிந்துவிடுங்கள் என்று அம்மையார் கூறவில்லை. ஆராயாமல், அறிவிக்காமல் தெளிப்பதையே கண்டித்தார். இவற்றைப் பூச்சிக்கொல்லி என்பதைவிட உயிர்க்கொல்லி என்பதே பொருந்தும் என்பது அவர் கருத்து.

இவ்விடத்தில் நூலை மூடினோம். தோட்டத்தில் நாம் அவற்றை என்னவென்று அழைக்கிறோம்? மருந்து! மருந்தடிக்கும் வேலை, மருந்து ஸ்டோர், மருந்துக் கலன். என்னே பெயரின் வேடிக்கை!

பராகுவாட் என்னும் களைக்கொல்லி, 2020 ஜனவரி முதல் தேதியன்று மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்னர் அது நம் கையெழுத்தின்மீதே ஸ்டோரைவிட்டு வெளியேறியது. உட்கொண்டால் நுரையீரலைக் கெடுத்துக் கொல்லும். அதற்கு முறிமருந்து கிடையாது. எத்தனை லிட்டர், எந்தப் பகுதி, என்ன விலை என்பவற்றுக்கெல்லாம் நம் பேரேட்டில் கட்டம் உண்டு. அதனை முதுகில் சுமந்து அடித்த பெண்களின் நகம் கெட்டதற்கும், மூக்கில் இரத்தம் கசிந்ததற்கும் கட்டமில்லை.

ஒருநாள் மூத்த தாயொருவர் வெறுங்கையால் கலக்கக் கண்டு, "கையுறை எங்கே அம்மா?" என்றோம். "மருந்துதானே தம்பி, என்ன செஞ்சிடும்?" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். கலனில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை அவரால் வாசிக்க இயலாது, நம்மால் இயலும். ஆயினும் வாசித்துக் காட்டினோமில்லை.

நிற்க. இது தோட்டத்தாரின் கவலை மட்டுமே என்று நகரத்து அன்பர்கள் எண்ணவேண்டா. அந்நூல் வெளிவந்த அதே 1962 இல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் எடுக்கச் சிங்கப்பூருக்கு உரிமை உண்டு. தோட்டத்துக்கும் நகரத்துக்கும் மழை ஒன்றே. 2013 ஜூனில் சுமத்ராவில் மூண்ட தீயின் புகை சிங்கப்பூரை மூடியபோது, காற்றின் மாசுக் குறியீடு 401 வரை ஏறிற்று. காற்றுக்குச் சுங்கச் சாவடி ஏது? நீருக்குக் கடவுச்சீட்டு ஏது?

கார்சன் அம்மையாரும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் சம்பளத்துக்கு எழுதியவரே. நூல் வெளிவந்ததும் ரசாயன வியாபாரிகள் அவரைத் தூற்றினர். புற்றுநோயால் நலிந்த உடலோடு அவர் உண்மையை நிலைநாட்டினார். 1964 இல் மறைந்தார். 1972 இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. ஓர் எழுத்தாளரின் பேனா அவ்வளவு செய்தது. நம் பேனாவோ லிட்டர் கணக்கு எழுதிற்று!

பராகுவாட் போயிற்று, வேறு கலன்கள் வந்துள்ளன. தோட்டம் திரும்பிய மறுநாள் காலைப் பெரட்டில், அவற்றுள் ஒன்றின் எச்சரிக்கையை வரிவரியாகத் தமிழில் சொன்னோம். எல்லோரும் அமைதியாய்க் கேட்டனர். அந்த மூத்த தாய் மட்டும், "இத்தனை நாளா இதை ஏன் தம்பி சொல்லல?" என்றார். நம்மிடம் விடையில்லை.

ஆங்கிலம் கற்ற தோழர்களே! நாம் பெற்ற கல்வி சம்பளச் சீட்டோடு முடிவதா? உங்கள் ஸ்டோரிலுள்ள கலனை எடுங்கள். அதில் எழுதியிருப்பதை உங்கள் மக்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். நஞ்சை நஞ்சென்று சொல்லுங்கள்.