கேரண்ட் வாங்காத ராயல்டி



இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலான காலாட்படை வீரர்கள் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அமெரிக்க வீரரின் எம்1 கேரண்ட் துப்பாக்கியில் அந்த வேலை இல்லை. குண்டைத் தள்ளும் வாயுவில் கொஞ்சம், குழல் முனைக்கு அருகிலுள்ள துளை வழியே இறங்கி ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளும். காலி உறை வெளியே விழும், அடுத்த தோட்டா தானாக ஏறும். 8 தோட்டாக்களும் தீர்ந்தால் கிளிப் 'டிங்' என்று துள்ளி விழும். எஸ்.எல்.ஆர். தூக்கிய என் பட்டாளத்து மாணவர்களுக்கு இந்த வாயு வித்தை புரியும்.

இதை வடிவமைத்த ஜான் கேரண்ட் 1888இல் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். சிறுவயதில் அமெரிக்காவில் துணி ஆலையில் தரை கூட்டியவர். 1936இல் ராணுவம் ஏற்ற இத்துப்பாக்கி 50 லட்சத்துக்கும் மேல் தயாரானது. காப்புரிமையை அரசுக்கே கொடுத்தார், ராயல்டி வாங்கவில்லை. அவருக்கு 1 லட்சம் டாலர் வழங்கும் மசோதாவும் நிறைவேறவில்லை.

அந்த மனிதரை வணங்கத் தோன்றுகிறது. ஆனால் அவர் செய்தது உயிர் பறிக்கும் கருவி. வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்லலாமா? இப்போது ஆசிரியர்களாக இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் சொல்லுங்கள்.