புற்றும் நாணமும்

அரபியில் ‘ஸரதான்’ என்றால் நண்டு. கொடிய நோயொன்றுக்கும் அதுவே பெயராயிற்று. இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ நூலில் அந்நோயை இப்பெயராலேயே குறித்தார். தமிழரோ அதனைப் புற்று என்றனர். திருநாவலூர் வயல் வரப்புகளில் கறையான் புற்றை மண்வெட்டியால் இடித்துத் தள்ளுவதைக் கண்டிருக்கிறோம். உள்ளே தாய்க் கறையான் தப்பினால், இடித்த இடத்திலேயே புற்று மீண்டும் எழும்.

இதன் பொருளை நம் இல்லத்திலேயே உணர நேர்ந்தது. நம் மூத்த சகோதரியாருக்கு வயிறு உப்பிற்று. இரண்டு கவளம் உண்டதுமே போதும் என்பார். அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவார். “வெறும் வாய்வுதான் தம்பி” என்றார். நாமும் நம்பி, சுக்கும் ஓமமும் கொடுத்து மூன்று திங்களைக் கழித்தோம். அடிவயிற்று நோவைத் தம்பியிடம் சொல்ல அவருக்கு நாணம். கேட்க நமக்கும் நாணம். புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றபோது சினைப்பைப் புற்று வயிறெங்கும் பரவி, நீரும் கட்டியிருந்தது. அறுவையாலும் மருந்தாலும் நோய் அடங்கிற்று, ஓராண்டில் திரும்பிற்று. அடுத்த ரமலானுக்கு முன்பே வஃபாத்தானார்.

அடங்கிய நோய் ஏன் திரும்பிற்று? விடை தேடிப் படித்தபோது ஓர் ஆய்வை அறிந்தோம். புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் ஷர்மிளா பாபட்டும் உடன் உழைத்தோரும் அதனை 2005இல் வெளியிட்டனர். நோய் முற்றிய ஒரு பெண்ணின் வயிற்று நீரிலிருந்து அவர்கள் அணுக்களைப் பிரித்து வளர்த்தனர். தொடக்கத்தில் ஒரேயோர் அணுக்குலமே கட்டியை உண்டாக்க வல்லதாயிருந்தது. வளர்ப்பின்போது மற்றொன்றும் அத்தன்மை பெற்றது. எலிகளின் உடலில் இவை கட்டியை எழுப்பின. அக்கட்டியின் அணுக்கள் வேறு எலிகளிலும் எழுப்பின. தன்னையும் பெருக்கி, பிறவகை அணுக்களையும் தோற்றுவிக்கும் குருத்தணுவின் இயல்பு இவற்றில் காணப்பட்டது. விரைந்து பெருகும் அணுக்களை மருந்து அழிக்க, உறங்கிக் கிடக்கும் இவ்வகை அணுக்கள் தப்பிப் பின்னர் நோயை எழுப்புகின்றன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனினும் இவற்றை ஐயமறக் காட்டும் அடையாளம் எது என்பதில் ஒருமித்த முடிவில்லை. ஆகவே, குருத்தணுவைச் செலுத்தி இந்நோயைத் தீர்ப்போம் என்னும் விளம்பரங்களை நம்பி எவரும் பொருளிழக்க வேண்டா.

நோய்க்குறி தோன்றுமுன் எல்லாப் பெண்களிடமும் இதைக் கண்டறிய நம்பத்தக்க சோதனையும் இல்லை. வயிற்று உப்பலும், விரைவில் வயிறு நிறைதலும், அடிவயிற்று நோவும் புதிதாய்த் தோன்றி வாரக்கணக்கில் நீடித்தால், மருத்துவரிடம் செல்வதே முறை.

மார்க்க அறிவைக் கேட்டறிய நாணம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா புகழ்ந்ததை நம் மாணவியருக்குப் பன்முறை ஓதிக்கொடுத்தோம். நம் வீட்டுக் கூடத்தில் அதை மறந்தோம். புனேயில் ஆய்வுக்கு வழிசெய்த அந்தப் பெண்ணின் பெயரை நாம் அறியோம். அவளுக்கும் நம் சகோதரியாருக்கும் அல்லாஹ் அருள்புரிவானாக. இன்று இரவு உணவுக்குப் பின், “உடம்பு எப்படி இருக்கிறது?” என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்போமாக.